பொதிந்து அனுப்பும் கலை: வழங்கிச் செயலியும் கட்டளைக் கருவியும்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காண்பர். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாக வந்து சேரும் லாரிகள், நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டப்பெற்று முழு வண்டிகளாக வெளியேறுகின்றன. அவ்வூரைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளிலிருந்து முட்டைகள், ஓர் அட்டைக்கு 30 என்ற கணக்கில் அடுக்கப்பெற்றுக் கேரளத்திற்கும் பிற இடங்களுக்கும் செல்கின்றன. முட்டை உடையாமல் ஊர் சேர்வதற்கு ஓட்டுநரின் திறமை மட்டும் காரணமன்று. அதனைத் தாங்கும் அட்டையின் குழிவும் காரணமாகும். பொருளை உண்டாக்குவது ஒரு தொழில், அதனைச் சிதையாமல் கொண்டு சேர்ப்பது மற்றொரு தொழில் என்பதை இம்மண்ணின் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

கணிப்பொறி உலகிலும் இவ்வுண்மை பொருந்தும். மென்பொருளை எழுதுவது ஒரு பணி. எழுதியதைப் பொதிந்து, பிறர் பயன்கொள்ளும் இடத்தில் வெளியிடுவது மற்றொரு பணி. முதற்பணியைப் பற்றி நம் மாணவர்கள் ஓரளவு அறிவர். இரண்டாம் பணியை அறியாமையால் அவர்களது உழைப்பு எவ்வாறு வீணாகின்றது, அதனைக் காக்கும் கருவிகள் யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழங்கிச் செயலி என்பது யாது?

நம் மேசைமேல் உள்ள கணிப்பொறியில் நமக்காக மட்டும் இயங்கும் மென்பொருள் ஒரு வகை. எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருந்து, பலர் ஒரே நேரத்தில் கேட்பவற்றை எடுத்து வழங்கும் மென்பொருள் மற்றொரு வகை. இவ்வாறு வழங்கும் கணிப்பொறியை வழங்கி என்பர். வழக்கில் சர்வர் என்கிறோம். அதில் இயங்கும் மென்பொருளே வழங்கிச் செயலி. தொடர்வண்டிப் பயணச்சீட்டுப் பதிவும், தேர்வு முடிவுகளை வெளியிடும் தளமும், நூலகத்தின் நூற்பட்டியலைத் தேடித்தரும் வசதியும் இவ்வகையைச் சார்ந்தனவே.

வழங்கிச் செயலி தனித்து நிற்பதன்று. அஃது எழுதப்பெற்ற நிரல்மொழி, அம்மொழியின் குறிப்பிட்ட பதிப்பு, பிறர் எழுதி உதவிய நிரல் தொகுப்புகள், தரவுத்தளம், இயங்குதளம், அமைப்புக் குறிப்புகள் எனப் பலவற்றைச் சார்ந்தே அஃது இயங்குகின்றது. இவற்றைச் சார்புகள் என்பர். சார்புகளுள் ஒன்று குறைந்தாலும் செயலி நின்றுவிடும். ஒன்றன் பதிப்பு மாறினாலும் தவறான விடை தரக்கூடும்.

நாம் கண்ட இரு இழப்புகள்

நம் துறையின் பழைய மலர் ஒன்றன் குறுவட்டை அண்மையில் மாணவர் ஒருவர் திறந்து பார்த்தார். கோப்பு கெடவில்லை, ஆனால் திரையில் தோன்றியவை தமிழ் எழுத்துகள் அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த ஒரு குவியலே தோன்றியது. அக்கோப்பு எந்த எழுத்துருவில் தட்டச்சிடப்பெற்றதோ அந்த எழுத்துரு உடன் வைக்கப்படவில்லை. அதன் பெயரையும் எவரும் குறித்து வைக்கவில்லை. அச்சிட்ட படி ஒன்று நூலகத்தில் இருந்தமையால் மட்டுமே அம்மலரின் கட்டுரைகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழுக்குக் கணிப்பொறியில் ஒரே குறியீட்டு முறை வேரூன்றாத காலத்தில், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும், 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது; 2010-இல்தான் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுத்துருவை உடன் அனுப்பாமல் அனுப்பப்பெற்ற கோப்புகள் எத்துணையோ படிக்க முடியாதனவாயின. சார்பு உடன் வராத பொதி, வந்தும் வராததே ஆகும்.

இரண்டாவது இழப்பு இன்னும் அண்மையது. மாணவர் ஒருவர், நம் மலர்களில் வெளிவந்த கட்டுரைகளின் தலைப்புகளையும் ஆசிரியர் பெயர்களையும் தேடித்தரும் செயலி ஒன்றை எழுதினார். அவரது மடிக்கணினியில் அது செவ்வனே இயங்கியது. துறைக் கூட்டத்தில் காட்டுவதற்காக வேறொரு கணிப்பொறிக்கு மாற்றியபோது இயங்க மறுத்தது. ‘என் கணிப்பொறியில் ஓடுகிறதே ஐயா!’ என்று அவர் கூறிய சொற்களை உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் ஒருமுறையேனும் கூறியிருப்பர். மாணவர் படிப்பை முடித்துச் சென்றார். நிரல் இருக்கின்றது, அதனை இயக்குவார்தாம் இல்லை. ஓராண்டு உழைப்பு, ஒருவரது நினைவில் மட்டும் இருந்த சில குறிப்புகளோடு போய்விட்டது.

பொதி கட்டும் முறையின் வளர்ச்சி

இக்குறையை அறிஞர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பில், ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பெற்றது. பொதியின் உள்ளே மென்பொருளோடு ஒரு சீட்டும் இருக்கும். இம்மென்பொருளின் பெயர் இது, பதிப்பு இது, இஃது இயங்க இன்னின்ன பொதிகள் முன்னரே இருத்தல் வேண்டும் என்று அச்சீட்டுக் கூறும். லாரி புக்கிங் அலுவலகத்தில் சரக்கோடு செல்லும் ரசீதை ஒத்தது அது. நிரல்மொழிகளும் தமக்கெனப் பொதி முறைகளை வகுத்துக்கொண்டன. பைத்தான் மொழிக்குப் பிப், நோடு முறைக்கு என்பிஎம் என்பன அவ்வகைக் கருவிகள்.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒரே வழங்கியில் இரண்டு செயலிகள் இயங்கும்பொழுது, ஒன்றுக்கு ஒரு தொகுப்பின் பழைய பதிப்பும் மற்றொன்றுக்குப் புதிய பதிப்பும் தேவைப்பட்டால் என்செய்வது? ஒன்றை நிறைவு செய்தால் மற்றொன்று கெடும். இதற்குத் தீர்வு கண்ட சிந்தனையின் வடிவம், வியப்பிற்குரிய வகையில், லாரித் தொழிலிலிருந்தே வந்தது.

லாரிக்காரர் கண்ட பெட்டி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சார்ந்த மால்கம் மெக்லீன் ஒரு லாரி உரிமையாளர். துறைமுகத்தில் ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியே இறக்கி ஏற்றுவதில் காலமும் பணமும் வீணாவதைக் கண்ட அவர், சரக்கைப் பெட்டியோடு கப்பலில் ஏற்றினால் என்ன என்று எண்ணினார். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 பெட்டிகளோடு நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிப் பாரந்தூக்கி கவலை கொள்ள வேண்டுவதில்லை. பெட்டியின் வெளி அளவும் மூலைகளும் ஒரே தரத்தில் இருந்தால் போதும். இன்று நம் சாலைகளில் செல்லும் கண்டெய்னர் லாரிகள் அனைத்தும் அவ்வெண்ணத்தின் வழிவந்தவை.

இதே எண்ணத்தை மென்பொருளுக்குப் பொருத்தியதே கொள்கலன் முறை. செயலியையும் அதன் சார்புகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், வழங்கி அப்பெட்டியை இயக்கினால் போதும். ஒரு பெட்டியில் உள்ள பழைய பதிப்பு, அடுத்த பெட்டியில் உள்ள புதிய பதிப்போடு மோதாது. இதற்கு வேண்டிய அடிப்படைகள் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் படிப்படியாக அமைந்தன. ஒரு செயலியின் பார்வையைப் பிற செயலிகளிடமிருந்து பிரித்து வைக்கும் வசதி ஒன்று. ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகமும் செயல்திறனும் பயன்படுத்தலாம் என்று வரம்பிடும் வசதி மற்றொன்று. இரண்டாவது வசதி 2008-இல் லினக்ஸில் சேர்ந்தது.

இவ்வசதிகளை எளிய கட்டளைகளால் எவரும் கையாளுமாறு செய்த கருவி டாக்கர் ஆகும். 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பைத்தான் நிரலாளர் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் அதனைச் சில நிமிட உரையில் அறிமுகம் செய்தார். பெயருக்கு ஏற்பத் துறைமுகத் தொழிலாளியின் வேலையையே அது செய்கின்றது. பெட்டியின் அளவை ஒரே நிறுவனம் வகுத்தல் நன்றன்று என்பதால், 2015-இல் பொதுத் தரம் வகுக்கும் அமைப்பு ஒன்றும் தோன்றியது. இன்று அத்தரத்தில் கட்டிய பெட்டியைப் பல கருவிகள் இயக்க வல்லன.

கட்டளை வரி எதற்கு?

படங்களைச் சுட்டித் தொட்டு வேலை செய்யும் வசதி இருக்க, விசைப்பலகையில் கட்டளை தட்டும் பழைய முறை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. சுட்டித் தொட்ட செயலை நினைவில்தான் வைக்க வேண்டும். தட்டிய கட்டளையை எழுதி வைக்கலாம். எழுதியதை மாணவர் ஆசிரியருக்கு அனுப்பலாம். ஆசிரியர் அதனையே தட்டி அதே விளைவைப் பெறலாம். மனிதர் இல்லாத நேரத்தில் கணிப்பொறியே அதனை நிறைவேற்றவும் கூடும். வாய்மொழியாக மட்டும் கைமாறிய மருத்துவக் குறிப்பு ஒரு தலைமுறையில் மறைவதும், ஏட்டில் எழுதியது நிலைப்பதும் நாம் அறிந்தவை. கட்டளை வரி என்பது செய்முறையை ஏட்டில் ஏற்றும் வழி.

கட்டும் முறை

முற்கூறிய மாணவரின் தேடல் செயலியையே எடுத்துக்கொள்வோம். அது பைத்தான் மொழியில் எழுதப்பெற்றது. தமிழ்ச் சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரிப்பதற்கு ஓப்பன் தமிழ் என்னும் கட்டற்ற நிரல் தொகுப்பை அது சார்ந்துள்ளது. ‘தமிழ்’ என்னும் சொல்லை நாம் மூன்று எழுத்தாகக் காண்கிறோம். ஒருங்குறியிலோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளன. தமிழ் இலக்கணம் அறியாத நிரல் ஐந்து என்றே எண்ணும். மேற்கூறிய தொகுப்பு மூன்று எனச் சரியாகப் பிரித்துத் தரும். இத்தொகுப்பு இல்லாத கணிப்பொறியில் அம்மாணவரின் செயலி இயங்க மறுத்ததில் வியப்பில்லை.

இப்பொழுது பொதியும் பணியைக் காண்போம். முதலில் தேவைப்பட்டியல் என ஒரு கோப்பு எழுதப்பெறும். அதில் ஒவ்வொரு சார்பின் பெயரும் பதிப்பு எண்ணும் வரிக்கு ஒன்றாக இடம்பெறும். அடுத்துச் செய்முறைக் கோப்பு. இதனை டாக்கர்ஃபைல் என்பர். இதன் வரிகள் சிலவே. முதல் வரி, எந்த அடித்தளத்தின்மேல் கட்டுவது என்று கூறும். நம் செயலிக்குப் பைத்தான் நிறுவப்பெற்ற லினக்ஸ் அடித்தளம் வேண்டும். இது லாரிக்குச் சேசிஸ் போன்றது. இரண்டாவது வரி, நிரலை உள்ளே படியெடுக்கச் சொல்லும். மூன்றாவது வரி, தேவைப்பட்டியலில் உள்ளவற்றை நிறுவச் சொல்லும். இறுதி வரி, பெட்டி திறந்ததும் எந்த நிரலைத் தொடங்குவது என்று கூறும்.

பின்னர் ‘பில்ட்’ என்னும் கட்டளை இச்செய்முறையைப் படித்துப் பெட்டியின் அச்சாகிய படிமத்தை உண்டாக்கும். ‘புஷ்’ என்னும் கட்டளை அப்படிமத்தைப் பதிவகம் எனப்படும் பொதுக் கிடங்கில் வைக்கும். இதுவே வெளியிடுதல். வழங்கியில் ‘புல்’ என்னும் கட்டளை அதனைக் கிடங்கிலிருந்து எடுக்கும். ‘ரன்’ என்னும் கட்டளை இயக்கும். நான்கே சொற்களில் செயலி மாணவரின் மேசையிலிருந்து உலகின் எந்த வழங்கிக்கும் சென்று சேர்கின்றது.

கிடங்கிலிருந்து எடுத்தது நாம் வைத்ததுதானா என்னும் ஐயம் எழலாம். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் சரக்கு மூட்டைகளின்மேல் சோழரின் புலிப்பொறி இடப்பெற்றதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. படிமத்திற்கும் ஒரு பொறி உண்டு. உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு நீண்ட எண் பெறப்படுகின்றது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் வேறாகிவிடும். எண் ஒத்திருந்தால் பொதி கலைக்கப்படவில்லை எனக் கொள்ளலாம்.

தமிழகத்திலிருந்து ஒரு கருவி

இத்துறையில் நம் மாநிலத்தின் பங்கும் குறிப்பிடத்தக்கது. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கி, 2009 முதல் சோகோ என வழங்கும் நிறுவனம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் இயங்குகின்றது. அந்நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் என்னும் தளம், வழங்கியைப் பேணும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, செயலியை மட்டும் நம்மிடம் கேட்கின்றது. அதற்கென உள்ள கட்டளைக் கருவியை என்பிஎம் வழியே நிறுவிக்கொள்ளலாம். ‘லாகின்’ என்பது நம்மை அடையாளம் காட்டும். ‘இனிட்’ என்பது புதிய பணிக்கான கோப்புகளை அமைத்துத் தரும். ‘சர்வ்’ என்பது வெளியிடுவதற்கு முன் நம் கணிப்பொறியிலேயே இயக்கிப் பார்க்க உதவும். ‘டெப்ளாய்’ என்பது தளத்திற்கு அனுப்பும். அனுப்பியது உடனே பொதுமக்கள் பார்வைக்குச் செல்வதில்லை. முதலில் சோதனைச் சூழலில் நிற்கும். சரிபார்த்த பின்னரே பயன்பாட்டுச் சூழலுக்கு மாற்றப்படும். அத்தளத்தின் ஆப்செயில் என்னும் வசதி, பொதுத் தரத்தில் கட்டிய கொள்கலன் படிமத்தையும் ஏற்கின்றது.

இருவழிகளுக்கும் நிறையும் குறையும் உண்டு. தளமே வழங்கியைப் பேணினால் நம் சுமை குறையும். ஆனால் அத்தளத்திற்கே உரிய வசதிகளைக் கொண்டு கட்டிய செயலியை வேறிடம் மாற்றுதல் எளிதன்று. பொதுத் தரக் கொள்கலன் எங்கும் செல்லும். ஆனால் வழங்கியைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. வாடகை வண்டிக்கும் சொந்த வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர்.

கவனிக்க வேண்டுவன

பொதி கட்டுவோர் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும்.

முதலாவது, கடவுச்சொற்களையும் மறைவுக் குறியீடுகளையும் பொதியினுள் வைத்தல் ஆகாது. பொதுக் கிடங்கில் வைத்த பெட்டியை எவரும் திறக்கலாம். பின்னர் அழித்தாலும், படிமத்தின் முந்தைய அடுக்கில் அது தங்கியிருக்கும். அவற்றை வழங்கியில் இயக்கும் நேரத்தில் தனியே தருதல் வேண்டும்.

இரண்டாவது, தரவு பெட்டிக்கு வெளியே இருத்தல் வேண்டும். கொள்கலன் எப்பொழுதும் நீக்கி மாற்றத்தக்கது. அதனுள் எழுதியவை அதனோடு அழியும். வண்டியை மாற்றலாம், கணக்குப் பேரேட்டை வண்டியில் வைத்து அனுப்பும் வணிகர் உண்டோ?

மூன்றாவது, சார்புகளின் பதிப்பு எண்ணைத் திட்டமாகக் குறித்து, இயலுமாயின் அவற்றின் படியையும் காத்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், லெஃப்ட்பேட் என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் கிடங்கிலிருந்து நீக்கினார். ஒரு சொல்லின் இடப்பக்கத்தை நிரப்பும் எளிய வேலையே அந்நிரலுக்குரியது. ஆயினும் அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்கள் உலகெங்கும் கட்ட முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் அதனை மீட்டு வைக்க வேண்டியதாயிற்று.

நான்காவது, பெட்டி எல்லாத் தடைகளையும் கடந்ததன்று. கொள்கலன் தான் இயங்கும் கணிப்பொறியின் இயங்குதளக் கருவையே பகிர்ந்துகொள்கின்றது. ஒரு வகைச் செயலிக்குரிய படிமம், வேறு வகைச் சில்லு கொண்ட கணிப்பொறியில் நேரே இயங்காது. ஆதலின் சென்று சேரும் இடத்தை அறிந்தே கட்டுதல் வேண்டும்.

முடிவுரை

கருவிகள் மாறும். இன்றுள்ள டாக்கருக்குப் பதிலாக நாளை வேறொன்று வரலாம். மாறாதது ஒன்று உண்டு: தன் படைப்பு எவற்றைச் சார்ந்துள்ளது என்பதைப் படைத்தவனே அறிந்து, எழுதி, உடன் வைத்து அனுப்ப வேண்டும் என்பதே அது. தான் இல்லாத இடத்திலும் தன் படைப்பு இயங்க வேண்டும் என்று விரும்புபவன் மேற்கொள்ளும் கடமை அது.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்க விழைகிறோம். மாணவர்கள் தம் ஆய்வுப் பணியோடு தேவைப்பட்டியலையும் செய்முறைக் கோப்பையும் தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்துத் தருதல் வேண்டும். ஆசிரியர்கள் அப்பணியை எழுதியவரின் கணிப்பொறியில் மதிப்பிடாமல், அதற்குமுன் அதனை அறியாத ஒரு கணிப்பொறியில், வேறொரு மாணவரைக் கொண்டு இயக்கச் செய்து மதிப்பிடுதல் வேண்டும். கல்விக்குக் கொடை வழங்கும் சமுதாயப் பெரியோர்கள், கட்டடத்திற்கும் நூல்களுக்கும் உதவுவது போன்றே, மாணவர் படைப்புகள் இயங்குவதற்கான வழங்கி வாடகைக்கும் சிறிது ஒதுக்குதல் வேண்டும்.

படிப்பை முடித்துச் சென்ற அம்மாணவருக்குத் துறையின் சார்பில் எழுதியுள்ளோம். தம் நினைவில் உள்ள சார்புகளைப் பட்டியலிட்டு அனுப்புவதாக அவர் இசைந்துள்ளார். அப்பட்டியல் வந்ததும், இவ்வாண்டு இரண்டாமாண்டு மாணவர் இருவர் அச்செயலியைப் பொதிந்து கட்டவிருக்கின்றனர். அடுத்த மலர் வெளிவரும் நாளில், நம் மலர்களின் பொருளடக்கம் முழுவதையும் எங்கிருந்தும் எவரும் தேடிப் படிக்கும் நிலை வாய்க்குமாயின், அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.